போர்டைப் பார்த்துப் போனேன், பட்டுத் தெரிந்துகொண்டேன்



சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் ஒரு சகோதரி எழுதியிருந்தார். மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, கவுன்சிலிங் போகச் சொல்லித் தோழி வற்புறுத்துகிறாள், ஆனால் யாரிடம் போவது, எப்படி நம்புவது என்று தெரியவில்லை என்று கேட்டிருந்தார். அதைப் படித்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது. அடுத்த வாரம் பதில் எழுதியவர்கள், தியானம் செய்யுங்கள், கோயிலுக்குப் போங்கள், பிள்ளைகள் முகத்தைப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தப்பில்லை. ஆனால் அவர் கேட்டது அது இல்லையே. யாரிடம் போவது என்றுதானே கேட்டார்? அதற்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் யோக்கியதை இருக்கிறது. ஒருமுறை தப்பான இடத்துக்குப் போய் அடிபட்டவள் நான். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

எனக்கு வயது 36. பத்தாவது வரை படித்திருக்கிறேன். கணவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். ஒரு பெண், ஒரு பையன். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் சொந்த வீடு. வெளியில் இருந்து பார்த்தால் "உனக்கென்ன குறை?" என்று கேட்கத் தோன்றும். கேட்கவும் செய்தார்கள்.

2022 ஆடி மாதம் என் அம்மா இறந்துபோனார். மூச்சுத் திணறல் வந்து, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். அப்பா முன்பே போய்விட்டார். தம்பி மஸ்கட்டில். எட்டாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வென்டிலேட்டர்ல தொடர்ந்து வைக்கிறதா, வேண்டாமான்னு வீட்ல பேசி முடிவு சொல்லுங்கம்மா" என்றார். கையில் இருந்த பணமெல்லாம் கரைந்துவிட்டது. என் வளையலை அடகு வைக்கலாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு, "யோசிச்சுச் செய்வோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் காலையில் நான்தான் பேப்பரில் கையெழுத்துப் போட்டு அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை ஓடிக்கொண்டே இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. குக்கர் விசில் அடித்தால் ஐ.சி.யூ. மிஷின் சத்தம் போலவே நெஞ்சு திடுக்கிடும். மூச்சு நின்றுவிடும் போல இருக்கும். துணி துவைக்கும்போது காரணமே இல்லாமல் கண்ணில் தண்ணீர் கொட்டும். ஒருநாள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைத்ததற்காகப் பத்து வயசுப் பெண்ணைக் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. "அம்மா, உனக்கு என்னம்மா ஆச்சு?" என்று கேட்டாள். அந்தக் கேள்விதான் என்னை வெளியில் கிளப்பியது.

முதலில் எங்கள் குடும்ப டாக்டரிடம் போனேன். இதைச் சகோதரிகள் கட்டாயம் செய்ய வேண்டும். அவர் ஈ.சி.ஜி. எடுத்தார், தைராய்டு பார்த்தார், ரத்தம் பார்த்தார். தைராய்டு கோளாறு இருந்தாலும், உடம்பில் ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரி படபடப்பும் சோர்வும் வருமாம். எனக்கு ரத்தம் கொஞ்சம் குறைச்சல், வேறு ஒன்றுமில்லை. "சத்து மாத்திரை தர்றேன். ஆனா இது அதனால மட்டும் வந்ததில்லம்மா, மனசைப் பார்க்கிறவங்களைப் பாருங்க" என்றார். யாரை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வீட்டில் வந்து கவுன்சிலர் ஒருத்தரைப் பார்க்கணும் என்று மெதுவாகச் சொன்னேன். மாமியார், "அவனைப் போய் எதுக்குடி பார்க்கணும்? தண்ணி ரெண்டு நாளா நல்லாத்தானே வருது?" என்றார். வார்டு கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டார்! அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விஷயம் புரிந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்தால் அவரும் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுப்பார்.

அப்போதுதான் பஸ்ஸில் போகும்போது ஒரு போர்டைப் பார்த்தேன். மனநல ஆலோசகர், குடும்ப நல ஆலோசகர், குழந்தைகள் படிப்பு, மன அழுத்தம், குடிப்பழக்கம், கணவன் மனைவி பிரச்னை, எல்லாவற்றுக்கும் தீர்வு என்று எழுதியிருந்தது. பெயருக்கு முன்னால் டாக்டர். உள்ளே போனால் சுவர் முழுக்கச் சட்டம் போட்ட சர்டிபிகேட், பெரிய மனிதர்களோடு எடுத்த போட்டோ. பத்தாவது படித்த எனக்கு அது போதாதா? ஒரு எழுத்துக்கூடப் படித்துப் பார்க்கவில்லை.

பத்து முறை வர வேண்டும், மொத்தம் 9,000 ரூபாய், முன்பணமாகக் கட்டினால் 1,000 குறைப்பு என்றார். சீட்டு எடுத்து வைத்திருந்த பணத்தில் 8,000 கட்டினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை.

முதல் நாள் நான் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில், "அதெல்லாம் விதிம்மா, மறந்துடுங்க" என்றார். மீதி நேரம் முழுக்க அவர் எத்தனை குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார் என்ற கதை. இடையில் இரண்டு தடவை போனில் பேசினார். மூன்றாவது நாள், எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று மனசில் கிடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். வளையலைக் கேட்டதும் கணவர் பேசாமல் நின்ற அந்த ஒரு நிமிடத்தை என்னால் மறக்க முடியவில்லை என்று சொன்னேன். யாரிடமும் சொல்லாதது. என் தம்பிக்குக்கூடத் தெரியாது.

அடுத்த வாரம், "உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றார். பொதுவாக ஏதோ பேசுவார் என்று நினைத்துக் கூட்டிப் போனேன். என்னை வெளியில் உட்கார வைத்துவிட்டு அவரிடம் மட்டும் பேசினார். கதவு சாத்தியிருந்தாலும் குரல் கேட்டது. "உங்க மனைவிக்கு உங்க மேல வெறுப்பு இருக்கு சார். அவங்க அம்மா சாவுக்கு நீங்கதான் காரணம்னு நினைக்கிறாங்க. கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

நான் அப்படிச் சொல்லவே இல்லை. மறக்க முடியவில்லை என்று சொன்னதற்கும், நீதான் காரணம் என்று சொல்வதற்கும் எவ்வளவு தூரம்!

வரும் வழியெல்லாம் கணவர் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, "கண்டவன்கிட்ட போய் சொல்லத் தெரியுது, என்கிட்ட கேட்கத் தெரியலையா?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. இரண்டு மாதம் நாங்கள் பிள்ளைகள் வழியாகத்தான் பேசிக்கொண்டோம். மருந்துக்குப் போய் நோயை வாங்கி வந்த கதை. மீதி ஆறு முறைக்கான பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "பேக்கேஜ் பணம் திரும்பக் கொடுக்கிற வழக்கமில்லைம்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் யார், எந்தத் தெரு என்று நான் எழுதப்போவதில்லை. எனக்கு வேண்டியது சண்டை இல்லை.

அதற்குப் பிறகு பல மாதம் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. 2023 கடைசியில் ஒரு ராத்திரி மிகவும் மோசமாகிவிட்டது. எதற்காக இருக்க வேண்டும் என்கிற அளவுக்கு எண்ணம் போனது. மொட்டை மாடியில் உட்கார்ந்து 14416 என்ற எண்ணுக்குப் போன் போட்டேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்ததில் பார்த்து வைத்த நம்பர். 2022 அக்டோபரில் அரசாங்கம் ஆரம்பித்தது, டெலி மானஸ் என்று பெயர். காசு கிடையாது, ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அந்தப் பக்கம் ஒரு பெண் பேசினார். முக்கால் மணி நேரம் நான் அழுததைப் பொறுமையாகக் கேட்டார். உயிரை விடுகிற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்டார். ஒருத்தர் அப்படி நேராகக் கேட்டதே எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. இன்னொரு முறை போன் செய்தபோது, முதலில் பட்ட அனுபவத்தைச் சொல்லி, இனி யாரை நம்புவது என்று கேட்டேன். "பேர் சொல்ல மாட்டேன்மா, எப்படிப் பார்த்துப் போறதுன்னு சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார். மகள் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக்கொண்டேன்.

அவர் சொன்னதையும், பிறகு நானே தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மனசைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒன்றில்லை. சைக்கியாட்ரிஸ்ட் என்கிற மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.பி.எம். மாதிரி படித்தவர். மாத்திரை எழுதிக் கொடுக்கிறவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்பவர் மருந்து எழுத மாட்டார். பேச வைத்து, பயிற்சி கொடுத்துச் சரி செய்கிறவர். இவர்களில் பெரும்பாலோர் சைக்காலஜியில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. முடித்து, அதற்கு மேல் இரண்டு வருடம் ஆஸ்பத்திரியில் பயிற்சியோடு எம்.ஃபில். படித்தவர்கள். இவர்கள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், அதாவது ஆர்.சி.ஐ. என்கிற இடத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. 1992-ல் வந்த சட்டம். ஆளுக்கு ஒரு பதிவு எண் உண்டு. அந்த எண்ணையோ பெயரையோ வைத்து அவர்கள் வெப்சைட்டில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அதெல்லாம் வராது, ஒன்பதாவது படிக்கிற பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துக் கொடுத்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

மூன்றாவது, ஆலோசகர் என்கிற கவுன்சிலர்கள். இங்கேதான் குழப்பம். எம்.எஸ்சி. சைக்காலஜி, எம்.எஸ்.டபிள்யூ. படித்து, பெரியவர்களுக்குக் கீழே பல வருடம் பழகி, தங்கமாக வேலை செய்கிறவர்களும் இந்தப் பெயரில்தான் இருக்கிறார்கள். மூன்று மாத தபால் கோர்ஸ் முடித்தவரும் இதே பெயரில்தான் போர்டு மாட்டுகிறார். இவர்களையும் ஒரு ஒழுங்குக்குள் கொண்டுவர 2021-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. ஆனாலும் போர்டை மட்டும் பார்த்து நமக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தான் தெரியும். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால், அது எம்.பி.பி.எஸ். டாக்டரா, ஆராய்ச்சிப் பட்டமா, எந்தக் கல்லூரி என்று கேட்க வேண்டும். புடவை எடுக்கப் போனால் சாயம் போகுமா, சுருங்குமா என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். கத்தரிக்காயைக்கூடக் காம்பைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். மனசைக் கொடுக்கிற இடத்தில் மட்டும் கும்பிட்டுக்கொண்டே போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

ஆனாலும் போனில் கேட்கும்போது எனக்குக் குரல் நடுங்கியது, பொய் சொல்லவில்லை. மதுரையில் மூன்று பேருக்குப் போன் செய்தேன். உள்ளூர் வேண்டாம் என்று நானே தீர்மானித்தேன். வாசலில் நம்மை ஒருத்தர் பார்த்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

முதல் ஆளிடம், "சார், நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். "அதைத் தெரிஞ்சு நீ என்னம்மா பண்ணப்போற? நேர்ல வா" என்றார். போனை வைத்துவிட்டேன். முன்பாக இருந்தால் போயிருப்பேன்.

இரண்டாவது ஒரு அம்மா. படிப்பெல்லாம் பெரிய படிப்பு, பதிவும் இருந்தது. ஆனால் பாதிக்கு மேல் ஆங்கிலத்திலேயே பேசினார். ஒரு முறைக்கு 1,800 ரூபாய். என் துக்கத்தை நான் தமிழில்தானே படுகிறேன்? அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, எனக்கு ஒத்துவராது, அவ்வளவுதான். ஆளும் சரியாக இருக்க வேண்டும், நமக்கும் பொருந்த வேண்டும். இரண்டும் வேறு வேறு.

மூன்றாவது ஒரு பெண். நான் கேள்வியை ஆரம்பித்ததுமே, "கேளுங்க, கேட்கணும். கேட்காம வர்றவங்ககிட்ட நானே சொல்லிடுவேன்" என்றார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், எம்.ஃபில்., எந்தக் கல்லூரி, எந்த வருடம், பதிவு எண் இது என்று சொல்லிவிட்டு, "வெச்சுப் பாத்துக்கோங்க" என்றார். ஒரு முறைக்கு 50 நிமிடம், 800 ரூபாய். முன்பணம் கிடையாது, அன்றன்றைக்குக் கொடுத்தால் போதும், வர முடியாவிட்டால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சாவு துக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்த்துப் பழக்கம் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். எத்தனை முறை வர வேண்டும் என்று கேட்டேன். "முதல் ரெண்டு மூணு தடவை பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். இப்பவே பத்துன்னு சொன்னா அது பொய்" என்றார். 8,000 ரூபாய் கட்டியது ஞாபகம் வந்து வயிறு எரிந்தது.

கடைசியாக, எனக்கு முக்கியமான கேள்வி. "நான் சொல்றதை எங்க வீட்ல சொல்லுவீங்களா மேடம்?"

கொஞ்சம் நிறுத்திவிட்டுப் பேசினார். "உங்களைக் கேட்காம ஒரு வார்த்தை வெளிய போகாது. உங்க உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னு எனக்குத் தெரிஞ்சா மட்டும் வீட்ல யாருக்காவது சொல்லுவேன். அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." மனநலச் சிகிச்சைக்கு வருகிறவர்களின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது, 2018-ல் இருந்து நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-லேயே இருக்கிறதாம். இதுவும் அவர் சொல்லித்தான் தெரியும். முதல் நாள் போனதும் இதையெல்லாம் தமிழில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அதற்குப் பிறகுதான் கையெழுத்து வாங்கினார். ஆஸ்பத்திரியில் போட்ட கையெழுத்துக்குப் பிறகு பேனாவைப் பார்த்தாலே கை உதறும் எனக்கு. அதையும் அவர் கவனித்தார். அவசரமில்லை, அடுத்த வாரம் போடுங்கள் என்றார்.

திண்டுக்கல்லில் இருந்து ஆரப்பாளையத்துக்கு ஒன்றரை மணி நேர பஸ் பயணம். செவ்வாய்க்கிழமை காலையில் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் கிளம்பினால் அவர்கள் வருவதற்குள் திரும்பிவிடலாம். மாமியாரிடம் தையல் சாமான் வாங்கப் போகிறேன் என்று இரண்டு வாரம் சொன்னேன். மூன்றாவது வாரம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "பொம்பளை டாக்டர்தானே? போயிட்டு வா" என்றார். நான்தான் இல்லாத பயத்தை எல்லாம் பட்டிருக்கிறேன். மழைக்காலத்தில் வீடியோ போனிலும் பேசலாம் என்றார்கள். ஒருமுறை முயற்சி செய்தேன். ஹாலில் மாமியார் சீரியல், வாசலில் கீரைக்காரி, மாடியில் வெயில். அது நமக்குச் சரிப்படவில்லை. தனி அறை இருக்கிறவர்களுக்கு நல்லது, பஸ் காசு மிச்சம்.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை என்பது பெரிய நிம்மதி. நானும் சொல்லவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போனை அணைத்து மேஜை டிராயரில் வைத்தார். நான் பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருந்தார். போன தடவை சொன்னது அடுத்த தடவை அவருக்கு ஞாபகம் இருந்தது. தம்பி மஸ்கட்டில் இருப்பதை நான் மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை. விதி என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. புருஷன் சொல்படி நட, அனுசரித்துப் போ என்றும் சொல்லவில்லை. என் பக்கம் சேர்ந்துகொண்டு வீட்டில் இருக்கிறவர்களைத் திட்டவும் இல்லை. இன்ன சாமியைக் கும்பிடு, இன்ன எண்ணெய் வாங்கிக் கொள் என்ற பேச்சும் இல்லை. அவர் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதுகூட இன்றுவரை எனக்குத் தெரியாது. இதெல்லாம்தான் நல்ல அடையாளம் என்று பின்னால் யோசித்தபோது புரிந்தது.

நான்காவது முறைதான் அந்தக் கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். "நான்தான் மேடம் எங்கம்மாவைக் கொன்னேன்" என்றேன். அவர் உடனே "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று மறுக்கவில்லை. அன்றைக்குக் காலையில் இருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். டாக்டர் என்ன வார்த்தை சொன்னார், யார் யார் இருந்தார்கள், அம்மா கண் திறந்தாரா. சொல்லிக்கொண்டே வரும்போது, நானே மறந்துபோன ஒன்று வந்தது. எட்டாம் நாள் ராத்திரி நர்ஸ் உள்ளே விட்டபோது அம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார். வீட்டுக்குப் போகலாம் என்று நான் அன்றைக்குப் புரிந்துகொண்டிருக்கிறேன். ஒன்றரை வருடமாக அந்தக் கண்ணை விட்டுவிட்டு, கையெழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறேன். அன்றைக்கு அழுத அழுகை வேறு மாதிரி அழுகை. திரும்பும்போது பஸ்ஸில் வாடிப்பட்டி தாண்டியதும் தூங்கிவிட்டேன், கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.

ஒரே நாளில் சரியாகிவிடவில்லை, அப்படி நினைத்துவிட வேண்டாம். தூக்கம் மட்டும் வரவே மாட்டேன் என்றது. ஆறாவது முறைக்குப் பிறகு அவரே, இதற்கு மாத்திரை தேவைப்படலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று கடிதம் கொடுத்தார். தன் கையை விட்டுப் போகக் கூடாது என்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. செலவைக் குறைக்க எங்கள் அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். கூட்டம் அதிகம், டாக்டருக்கு நம்மிடம் பேச நேரம் குறைவு, ஆனால் மாத்திரை இலவசம். எட்டு மாதம் சாப்பிட்டு, டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினேன். நானாக நிறுத்தவில்லை. தனியாருக்குக் கொடுக்க முடியாதவர்கள் அங்கேயே முதலில் போகலாம், யாரும் பைத்தியம் என்று முத்திரை குத்திவிட மாட்டார்கள். எனக்கு இருந்த பயமும் அதுதான்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். மொத்தம் பதினாலு முறை போனேன். முதல் இரண்டு மாதம் வாரா வாரம், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஒன்பதாவது முறைக்கு மேல், வீட்டு நிலைமையைச் சொல்லி 600 ஆக்க முடியுமா என்று கேட்டேன், சரி என்றார். கேட்காமல் இருந்திருந்தால் 800-தான். ரசீது ஒவ்வொரு முறையும் கொடுத்தார்.

கணவரும் ஒருமுறை வந்தார். அவரைக் கூப்பிடலாமா என்று மேடம் என்னிடம் கேட்டார். என்னென்ன பேசலாம், எதைப் பேசக் கூடாது என்று முதல் வாரமே நான் சொன்னபடி எழுதிக்கொண்டார். அன்றைக்கு நானும் உள்ளேதான் இருந்தேன். வளையல் பேச்சை நானே எடுத்தேன். கணவர் ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அது ஏற்கெனவே அடகுல இருந்துச்சு. மில்லுல மூணு மாசம் சம்பளம் பாதிதான் கொடுத்தாங்க. உனக்குத் தெரியாம கவரிங்கை மாத்தி வெச்சிருந்தேன். அந்த நேரத்துல அதை எப்படிச் சொல்லுவேன்?" என்றார்.

என் கையில் கிடந்தது கவரிங் என்பது எனக்கே தெரியாது! கோபம் வராமல் இல்லை, வந்தது. ஆனால் அது வேறு கோபம், வீட்டுக்கு வந்து சத்தம் போட்டுத் தீர்த்துக்கொள்கிற கோபம். அன்றைக்கு ராத்திரி இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம். வளையலைப் போன தீபாவளிக்கு மீட்டுவிட்டோம்.

இப்போதும் ஆடி மாதம் வந்தால் நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய்விட்டு வருகிறேன். குக்கர் விசிலுக்குத் திடுக்கிடுவது நின்றுவிட்டது. மகளிடம் அந்த அறைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவளுக்கு ஞாபகமே இல்லை என்றாள், எனக்காகத்தான் சொல்லியிருப்பாள்.

அந்தச் சகோதரிக்கு என் கேள்வித் தாளையே அனுப்பலாம் என்று தேடினேன். என்ன படிப்பு, பதிவு எண், ஒரு முறைக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம், என் மாதிரிப் பிரச்னையைப் பார்த்ததுண்டா, வீட்டில் சொல்வீர்களா, மாத்திரை தேவைப்பட்டால் யாரிடம் அனுப்புவீர்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளலாமா என்று எட்டு வரி இருக்கும். போன மாதம் எதிர்வீட்டு அக்கா, சொந்தக்காரப் பெண்ணுக்கு என்று சொல்லி வாங்கிப் போனார். ராத்திரி அவர் வீட்டு அடுப்படி லைட் ரெண்டு மணிக்கும் எரிவதை நான் மாடியில் இருந்து பார்த்திருக்கிறேன். தாளை இன்னும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்.